ஆறுக்கு நாலு

சதுர அடிக்குப் பன்னிரண்டு ரூபாய்.
தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்கு இப்பால்,
பதினோரு வருஷமாய் நான் அடுத்தவர் வாய்.
கண்ணீர் தனிக் கோப்பில் இருக்கிறது:
ஒற்றைத் துளி, இரட்டைத் துளி,
மெழுகுவர்த்தியோடு ஒன்று.
"ஆறாத் துயரில்" என்று தொட்டால் போதும்,
மீதியை விரல்களே அடித்துவிடும்.
உளுந்து ஊறப்போட்டேனா என்று
நான் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

சித்தப்பா பேர் விட்டுப்போகாமல் வந்தால் சரி என்பார்கள்.
எழுத்துப்பிழையை மட்டும் நான் விடமாட்டேன்.
எனக்கென்று இருந்த ஒரே கர்வம் அது.

ஒரு தடவை மஞ்சள் நீராட்டு. பத்துக்கு எட்டு.
அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெண்
என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.
வேண்டாம் என்றா?
கொசுவா?
கேட்கவில்லை. கேட்டால் ஆர்டர் போய்விடும்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டால் அரை மணி நேரம்.
எண்ண எண்ண முடியாத சரக்கு ரயிலுக்காக
வண்டியை அணைத்துவிட்டு நின்றவர்கள் எல்லாரும்
அந்த முகத்தையே பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

தேசப்பன் வந்தது ஐப்பசி மழையில்.
காசிமேட்டிலிருந்து நனைந்தே நடந்திருந்தார்.
பிளாஸ்டிக் கவருக்குள் பழைய ரேஷன் கார்டு,
அதில் நகக்கண் அளவு முகம்,
அதைத்தான் பெரிதாக்க வேண்டும்.
பூஷணம். வருஷம் ஒன்று முடிகிறது. ஆறுக்கு நாலு.

வாசகம்?
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.
"நீ அன்னிக்கி கேட்டியே, ஆமா தான்."
அவ்வளவுதானா?
"அவ்ளோதான்."

பழக்கதோஷம், திருத்தினேன்:
அன்று நீ கேட்டதற்கு என் பதில் ஆம்.
ஓரத்தில் ஒரு தாமரையும் வைத்து
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
"இது யாரு பேசறது?" என்றார்.

என்னதான் கேட்டாங்க?
படிக்கிறவங்களுக்குப் புரியாதே, அண்ணா.
"படிக்கிறவனுக்கா நான் துட்டு குடுக்கறேன்?
நீ அட்ச்சிக் குடும்மே."

அடித்தேன்.
க் ஒன்று இல்லாமல், தான் தனியாக.
மெஷினிலிருந்து மெல்ல மெல்ல அது இறங்கி வந்தபோது
முதலில் நெற்றி, அப்புறம் மூக்குத்தி, கடைசியில் ஆமா.
உலர்வதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.
என்ன கேட்டிருப்பாள்?
குடிய வுட்டுர்றியா.
கடலுக்குப் போவச்சொல்லோ பயமா கீதா.
உனக்கு மெய்யாலுமே என்னப் புட்ச்சிதா.
மூன்றாவது அவளுடையது இல்லை,
என்னுடையது.
பக்கத்தில் குறட்டை.
தெருவில் கன்டெய்னர் லாரி போய்க்கொண்டே இருந்தது,
ஜன்னல் கண்ணாடி அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மாசியில் நெத்திலி வாங்கக் காசிமேடு போனேன்.
வெயிலுக்குக் கட்டிய மறைப்பில்
தலைகீழாகப் பூஷணம்.
உப்பு முகத்தைத் தின்றுவிட்டது.
கறுப்பு எழுத்து மட்டும் கெட்டியாக நின்றது.
அதன் நிழலில் கூறு போட்டு விற்கிறவளிடம்
யாரோ கேட்டார்கள், நூறுக்குத் தருவியா என்று.
"போம்மே, வேலையப் பாத்துக்கினு."

நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
ஒற்று இல்லாத இடம் இப்போதும் உறுத்தியது.
"இன்னா அப்டி பாக்கற?" என்றாள்.
நான் அடிச்சது, என்றேன்.
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

சற்றுத் தள்ளி, கவிழ்த்த ஃபைபர் போட்டோரம்
தேசப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.
பத்தடி இருக்குமா?
கேட்டிருக்கலாம்.
தலை கிள்ளிக் கொடுக்கச் சொல்லிவிட்டு
நெத்திலியைப் பார்த்தபடி நின்றேன்.