படம் 2317

வின்னிபெக்கில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அடித்தள அறையில் நான்
நுரையீரல்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்,
மணிக்கு இருபத்திரண்டு டாலருக்கு.
வெள்ளைப் புள்ளியைச் சுற்றி மவுஸை நகர்த்தி
வட்டத்தை மூட வேண்டும்.
புற்று என்றால் 1.
இல்லையென்றால் 0.
இயந்திரம் இதைத்தான் தின்று வளர்கிறது.

பெயர்களை முன்பே அழித்துவிடுவார்கள்.
பிறந்த நாள், ஊர், எல்லாம் கறுப்புப் பட்டை.
2317இல் மட்டும்
கழுத்துக்குக் கீழே ஏதோ பளிச்சென்று.
பெரிதாக்கினேன்.
தாலி.
கழற்றச் சொல்லியிருப்பார்கள்.
மாட்டேன் என்றிருப்பாள்.

வலது மேல்மடலில்
சுண்டைக்காய் அளவு முடிச்சு, ஓரமெல்லாம் முள்.
இயந்திரம் கண் சிமிட்டும் முன் சொன்னது:
0.91.

டாக்டர் பெனர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
"இந்த ஊர் மார்புகளைத்தானே இதற்குக் காட்டியிருக்கிறோம்.
காசம் வந்து ஆறிய தழும்பை இது எங்கே கண்டது?"
பிறகு, கொஞ்சம் தணிந்து,
"ஊசி போட்டுத் திசு எடுத்தாயிற்று.
முடிவு வரட்டும். அதுவரை எதையும் எழுதாதே."

புற்றை வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?
கறையானோடு நின்றதா, கருநாகம் குடிவந்ததா
என்று கை விட்டவர்தான் சொல்ல வேண்டும்.

பதினோரு நாள் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.
பதினோரு நாளும் இந்த ஊரில் ஒருத்தி
போன் அடிக்கும்போதெல்லாம்
அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருப்பாள்.
பஸ்ஸில் எதிரே உட்கார்ந்த கம்பளிக் கோட்டுகளின்
கழுத்தைப் பார்த்தேன்.
வெட்கமாக இருந்தது. பார்த்தேன்.

நடுவில் 2340.
இயந்திரம் 0.08 என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தது.
திசு முடிவு: புற்று.
1 அடித்தேன்.
காப்பி எடுக்கப் போனேன், வெறுங்கையோடு திரும்பினேன்.

பன்னிரண்டாம் நாள் எக்செல் தாளில் ஒரு வரி.
பழைய காசத் தழும்பு. புற்றணு இல்லை.
பூஜ்யம் போட்டேன்.
ஒன்றுமில்லை என்றும் அதற்குப் பொருள்,
வணங்கத்தக்கது என்றும்.
விரலை உடனே எடுக்க மனம் வரவில்லை;
கட்டத்தில் 000 விழுந்துவிட்டது.
இரண்டை அழித்தேன்.

மார்ச்சில், புதிதாகப் பழக்கிய இயந்திரத்திடம்
அதே படத்தைத் திரும்பக் காட்டினோம்.
0.23 என்றது.
பெனர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அவர் போன பிறகு, திரையருகே குனிந்து,
தமிழிலேயே கேட்டேன்:
தழும்பைப் படித்தாயா,
தாலியைப் படித்தாயா?

0.23 என்றது.