சொத்தை

ரூசே நகரில், தன்யூபுக்கு இறங்கும் சரிவில்
இயக்குநர் வெலிசார் தோச்செவ்
நாற்பது வருடம் இருந்த வீட்டில்
இப்போது பல் பிடுங்குகிறோம்.
சீட்டுக் கொடுப்பது நான்.

பத்திரத்தில் கையெழுத்திட வந்த மகனிடம்
அப்பாவின் படங்களைப் பார்த்ததுண்டா என்றேன்.
மேலும் கீழுமாய்த் தலையசைத்தார்.
எங்கள் நாட்டில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள்.
அவர் சொத்தை விற்றார்.
நாங்கள் சொத்தை அடைக்கிறோம்.

அருங்காட்சியகம் வைப்பதாக
நகராட்சி மூன்று முறை கூடியது.
மூன்றாம் முறை பேச்சு எப்படியோ
சாக்கடைக் குழாய்க்குப் போய்
அங்கேயே நின்றுவிட்டது.
செப்புத் தகடு மட்டும் வந்து சேர்ந்தது,
பிறந்த வருடம் தப்பாக.
காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க
அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அவர் படம் போட்டுப் பார்த்த அறை
எக்ஸ்ரே அறையானது. சுவர் ஏற்கெனவே கறுப்பு.
ஒளி போவதற்காக இடித்திருந்த சதுர ஓட்டையில்
ஏசி குழாய் போகிறது.
ஒரு செலவு மிச்சம் என்றார் டாக்டர் ரொசித்சா.

ரசிகர்கள் வருவார்கள்.
எதிர்ப்பக்கம் நின்று
விரல்களால் சட்டம் கட்டிச் சன்னலை அளப்பார்கள்.
“உள்ளே பார்க்கலாமா?”
“பல் வலிக்கிறதா?” என்பேன். போய்விடுவார்கள்.

போன ஜூனில்,
லிண்டன் பூத்து ஊரே தும்மிக்கொண்டிருந்த வாரம்,
லியோனிலிருந்து வந்த பையன் ஒருவன்
கொஞ்சம் யோசித்து, வலிக்கிறது என்றான்.
பொய்.
ஆனால் கீழ்க் கடைவாயில் நிஜமாகவே ஒன்று
கறுத்துக் குழிந்திருந்தது.

நாற்காலி சாய்ந்தது.
அவன் கண் கூரைக்குப் போனது.
அந்தக் கறை!
குதிரை இல்லாத சேணம் மாதிரி.
கடைசிப் படத்தில்
நான்கு நிமிடம் வெட்டாமல் காட்டினாராமே,
அதே கறை.

வாய் நிறையப் பஞ்சோடு அழுதான்.
பாதி உதடு மட்டும் நடுங்கியது,
மீதி மரத்திருந்தது.
“வலிக்கிறதா?” என்றார் டாக்டர்.
இடமும் வலமுமாய்த் தலையசைத்தான்.
எங்கள் நாட்டில் அதற்கு ‘ஆமாம்’.
இன்னொரு ஊசி போட்டார்.

கறையை நாங்கள் காப்பாற்றி வைக்கவில்லை.
இரண்டு தடவை வெள்ளையடித்தோம்.
மார்ச் வந்தால் அதுவும் வந்துவிடுகிறது,
மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து.
பெனேவா கிழவியிடம் போய்க் கேட்டேன்.
குழாயை மாற்றிவிடுகிறேன், அடுத்த மாதம், என்றாள்.
அவரிடமும் அதையேதான் சொன்னாளாம்.