ஒன்று, ஒன்று, எழுபது

பாகலூர் ரோட்டில் கரண்ட் போய்
இருபது நிமிடம்தான்.
திரும்பி வந்தபோது
மோட்டாரில் நான் மாட்டிய பெட்டிக்குத்
தேதி மறந்துவிட்டது.
ஒன்று, ஒன்று, எழுபது என்கிறது.

அந்தத் தேதியில்
சிப்காட் இல்லை, என் லேஅவுட் இல்லை.
நான் பிறக்கவே இன்னும் பதினெட்டு வருடம்.
என் கடவுச்சொல்லை அது எப்படி நம்பும்?

மாடியில் டேங்க் வழிகிறது.
ஆப்பைத் திறந்தால்
புதுப்பித்தபின் முயலவும்.
புதுப்பித்தேன்.
ஓடிபி அனுப்பிவிட்டோம் என்றது.
என் போனோ
அத்திப்பள்ளி டவரை எட்டிப் பிடித்து
கர்நாடகாவுக்கு நல்வரவு சொல்கிறது,
நான் சமையலறையை விட்டு நகராமலே.

சென்சார், ரிலே, எழுநூறு வரி நிரல்,
இரண்டு தீபாவளி விடுமுறை:
ஒரு சுவிட்சை
எழுந்துபோய் அமுக்காமல் இருப்பதற்கு.

கீழ்வீட்டு நாகவேணி
நனைந்த போர்வையோடு படியேறி வந்தாள்.
தெலுங்கில் ஏதோ சொன்னாள்,
வாழ்த்தாக இருக்காது.
துடைப்பக் கட்டையால்
என் தோளுக்குப் பின்னாலிருந்த மெயினை
ஒரு தட்டு.
நின்றது.

"இதுக்கா சார்
தினமும் பெங்களூர் போய் வர்றீங்க?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா.
போர்வையின் மறுமுனையைப் பிடித்தேன்.
இருவரும் ஒரே பக்கமாக முறுக்கியதில்
ஒரு சொட்டும் இறங்கவில்லை.
"அந்தப் பக்கம் சார், அந்தப் பக்கம்."

இறங்கியது, என் காலில்.

அப்போது வந்தது ஓடிபி.
பத்து நிமிடம் செல்லும்.
ஈர விரலை
யாருடையது என்று தெரியவில்லை
போனுக்கு.