கீழ்த்தட்டு

ஹாலந்திலிருந்து வந்த பொட்டலத்துக்குள்
கருவாட்டுத் துண்டுபோல் ஒரு வேர்.
மூன்று கண்.
பியோனி, கலப்பினம் என்றது சீட்டு.
மரமாய் நிற்கிற ஒன்றும்
மண்ணுக்குள் ஒடுங்குகிற ஒன்றும்
கூடிப் பெற்றது.

தாப்பாவில் பனிக்காலத்தை எந்தக் கடையில் வாங்குவது?
இங்கே இருப்பது மழை,
மழைக்கு முந்தின புழுக்கம்.
தொட்டியோடு தூக்கிக்
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன்,
எட்டு வாரம்.
தோசைமாவு மேல்தட்டு ஏறியது.
நெத்திலி லியோங் அக்கா வீட்டுக்குக் குடிபோனது.
ஆப்பிள் கூடவே கூடாது,
அதன் மூச்சில் மொட்டு கருகும் என்றேன்.
அருளப்பன் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.

கண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை மண்.
அதற்கும் ஆழமென்றால் இலைதான் மிஞ்சும்.
யார் விரல் என்று சண்டை.
அவர் விரல் ஆலையில் கொதிகலன் திறக்கிற விரல்,
என் இரண்டுக்கு அவருடையது ஒன்றரை.
கடைசியில் அடிக்கோல் எடுத்தோம்.

பாதி மணல், பாதி மண்.
நீர் தேங்கினால் வேர் அழுகும்.
உச்சி வெயிலுக்குச் செம்பனை மட்டை.
விடிந்ததும் ஒரு கிண்ணம் ஐஸ்கட்டி,
தண்டைத் தொடாமல், சுற்றி.
லாரிக்காரப் பையன்கள் வேலியோரம் நின்று
"அக்கா, செடிக்கு ஐஸ் கச்சாங்கா?" என்றார்கள்.

முதல் வருஷம் இலை.
இரண்டாம் வருஷம் பட்டாணி அளவில் ஒரு மொட்டு,
அதுவும் கறுத்து உதிர்ந்தது.
மூன்றாம் வருஷம் மொட்டில் எறும்பு ஏறியது.
மருந்து டப்பாவோடு வந்தவர் கையைப் பிடித்தேன்:
தேனுக்கு வந்ததுங்க, விடுங்க.

அது விரிந்த அன்று
நான் கையுறை ஆலையில் பகல் வேலை.
இரவு வேலை முடிந்து வந்த அவர்
தூங்காமல் நாற்காலி போட்டுப் பார்த்திருக்கிறார்.
படம் எடுக்கத் தோன்றவில்லையாம்.
மூன்று மணிக்கு அடித்த மழை
இதழ்களைச் சாக்கடை வரை கொண்டுபோயிற்று.
நான் வந்து பார்த்தது
ஈரத் தண்டும் நடுவில் பச்சைக் காயும்.

என்ன நிறம் என்றேன்.
மஞ்சள்.
என்ன மஞ்சள்?
மஞ்சள்னா, மஞ்சள் இல்ல.
இரண்டு நாள் கழித்துச் சோறு தின்கிறபோது,
அடியில கொஞ்சம் சிவப்பு இருந்துச்சு.
ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவில், என் காதருகே:
வடிகட்டாத செம்பனை எண்ணெய
வெயில்ல தூக்கிப் பார்த்தா வருமே, அது.
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

நவம்பரில் தண்டை இரண்டு விரல் விட்டு வெட்டினேன்.
தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால்
கீழ்த்தட்டு காலி.
மாவுச்சட்டி மேலே.
ஆப்பிள் மூன்றும்
அவருடைய சாப்பாட்டுப் பைக்குள்.