வலது தோள்

கடைக்காரர் சிகுவாய் முதலில் எஞ்சினைத்தான் கேட்டார்.
நாற்பது குதிரை என்றேன்.
அப்புறம், ராத்திரி படகில் என்னென்ன ஓடும் என்று.
விளக்கு இரண்டு. ஆழம் காட்டும் கருவி.
தண்ணீர் இறைக்கும் பம்ப்.
யெர்கோவின் கைபேசியை மட்டும் சொல்லவில்லை.

வெளியே கெய்யோன் துறையில்
ஜூலை மழை சாய்ந்து அடித்தது.
வளைகுடாவுக்கு அப்பால் எரிமலை இருக்கிறது
என்று நம்பவேண்டிய நாள்.

முன்பு வைத்திருந்தது லாரி பேட்டரி.
மச்சினன் மலிவாய்ப் பிடித்து வந்தான்,
பெரிசுதானே, இன்னும் என்ன வேண்டும் என்றான்.
பெரிசுதான்.
அலைக்கு அலை நகர்ந்து
அடிப்பலகையை அரைத்துக்கொண்டிருந்தது.

மே மாதம், லைட்டேக் தீவுக்குத் தெற்கே மூடுபனி.
விளக்கை எரியவிட்டு வலை போட்டோம்.
யெர்கோ கைபேசியைச் செருகி
ஆட்டம் முழுக்கக் கேட்டான், கூடுதல் நேரமும் சேர்த்து.
சாவியைத் திருப்பினேன்: டிக்.
இன்னொரு தரம்: டிக்.
பிறகு அதுவும் இல்லை.
கயிற்றை இழுத்தேன்.
நான் எண்ணவில்லை, அவன் எண்ணியிருக்கிறான், முப்பத்தேழு.
முப்பத்தெட்டாவதில்
எஞ்சின் பிடித்தது,
தோள் விட்டது.

சிகுவாய் இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார்.
இது கிளப்பிவிடுகிற ஜாதி, என்றார்,
உள்ளே மெல்லிய தகடுகள், நெருக்கமாய்.
ஒரே மூச்சில் அள்ளிக் கொடுக்கும்,
உடனே திருப்பி நிரப்பவேண்டும்,
அடிவரை சுரண்டினால் அற்பாயுசு.
அது நிதானக்காரன். தடித்த தகடு.
விடியும்வரை கொஞ்சங் கொஞ்சமாய்த் தரும்,
குளிரில் உதை என்றால் முனகும்.
இரண்டையும் வாங்கி
நடுவில் ஒரு சுவிட்ச் போடுவதுதான் உத்தமம்.

உத்தமத்தின் விலை நூற்றெண்பதாயிரம் பெசோ.
என் கையில் தொண்ணூற்றைந்து,
கடல் முள்ளெலி விற்றது,
அதன் வாடை இன்னும் நோட்டில்.

விளக்கு போனால் டார்ச் இருக்கிறது.
ஆழம் தெரியாவிட்டால்
ஈயக்குண்டு கட்டிய கயிறு இருக்கிறது.
பம்ப் நின்றால் வாளி.
ஆட்டம் கேட்காவிட்டால்
யெர்கோவுக்கு வாய் இருக்கிறது,
இரண்டு பக்கமும் அவனே ஆடிக்கொள்ளட்டும்.
இந்தத் தோளுக்கு
காஸ்ட்ரோ ஆஸ்பத்திரியில்
நவம்பர் இருபதாம் தேதி, காலை எட்டு நாற்பது.

கிளப்புகிறதைக் கொடுங்கள், என்றேன்.

அவசரப்படாதே என்று லேபிளைத் திருப்பினார்.
குளிரில் எத்தனை ஆம்பியர் உதைக்கும்
என்ற எண்ணை நகத்தால் தொட்டுக் காட்டினார்.
தேதியையும்: பிறந்து மூன்று மாதம்.
நான் வலைநூலை எடுத்தேன்,
படகுப் பெட்டியை அளந்து முடிச்சுப் போட்டது.
நீளம் சரி. அகலம் சரி.
உயரம் ஒரு விரல் அதிகம்;
மூடியின் தகரத்தில் முனை முட்டினால்
நடுக்கடலில் தீபாராதனைதான்.
அடுத்தது குட்டை, ஆனால்
நேர்முனை இடப்பக்கம், சிவப்பு வயர் எட்டாது.
மூன்றாவது எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது.
விலையும் கிட்டத்தட்ட.

பழையதைக் கொண்டுவந்தால் ஆறாயிரம் குறைப்பேன், என்றார்.
முடியாது.
அது கோழிக்கூட்டின் தகரக் கூரையைப்
பிடித்துக்கொண்டிருக்கிறது, ஜூன் புயலிலிருந்து.
அந்த வேலைக்கு
அவ்வளவு பொருத்தமான பேட்டரி
இந்தத் தீவிலேயே கிடையாது.

வற்றிய நேரம். படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது.
பெட்டியை யெர்கோ சுமந்தான்,
நான் வாரை இறுக்கினேன், இடது கையால்,
முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு,
முனைகளில் கிரீஸ்.
சாவி.
ஒரே உதையில் உறுமியது.
தண்ணீரில்லாமல் ஓடவிடக்கூடாது, உடனே அணைத்தேன்.
கடற்பறவைகள் எழும்பி
மறுபடி அதே சேற்றில் உட்கார்ந்தன.

யெர்கோ சட்டைப்பையில் கை விட்டான்.
சார்ஜர் வயரின் நுனி வெளியே வந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
பார்த்தேன்.
நுனி உள்ளே போயிற்று.