பதினோரு விநாடி

நாலாம் வகுப்புக்கு ஒரே போன், என்னுடையது.
ஒவ்வொருவராய் மாடிப்படிக்கு அடியில் போய்
ஒரு பத்தி வாசித்துப் பதிந்துவர வேண்டும்.

கண்டனூரில் ஏறி, காரைக்குடி பஸ்ஸில்
காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.
முப்பத்திரண்டு குரல். முக்கால்வாசி ஓட்டம்.

தவசீலனுடையதில் ஒன்றுமில்லை.
மூச்சு. ஐஸ்வண்டி மணி. மறுபடி மூச்சு.
பதினோரு விநாடி.
அழிக்க விரல் போனது.

"ஆமை சொன்னது" என்றான்,
ஆமையாகவே.
நரிக்கு வேறு தொண்டை.
கடைசியில் ரகசியமாய்:
"டீச்சர், வகுப்புல மட்டும் எழுப்பாதீங்க."

செக்காலை ஸ்டாப் போயே போச்சு.

பதிவேற்றும் செயலியில் மூன்றே கட்டம்:
வாசிக்கிறான், திணறுகிறான், வாசிக்கவில்லை.

சார்ஜ் இன்னும் ஒன்பது சதவீதம்.
செயலியை மூடிவிட்டு
மறுபடி ஆமையைப் போட்டேன்.