முடி வாங்க வருபவர்

சனிக்கிழமை கடை சாத்தும் நேரம்
காகிதப் பையோடு வருவார் ஆர்வில் டெஷ்.
வெட்டிக்கொள்ள அல்ல,
அவர் தலையில் வெட்ட ஒன்றுமில்லை.
தரையில் கிடப்பதைக் கூட்டி அள்ளித் தருவேன்.

மனித வாடைக்கு மான் அஞ்சுமாம்.
பழைய நைலான் காலுறைகளில் திணித்து
வேலி நெடுகத் தொங்கவிட்டிருந்தார்
எங்கள் ஊரை:
ஷெரீஃபின் நரை,
ரொட்டிக்கடை மார்னியின் சாயச் சிவப்பு,
முதல் வெட்டுக்கு வீறிட்டவனின் பொன்சுருள்,
என்னுடையதும் கொஞ்சம்.

பதினோரு நாள் பீன்ஸ் பிழைத்தது.
பிறகு விஸ்கான்சின் மழை.
வாடை கரைந்ததும் வெறும் முடி.
விடியலில் மூன்று மான்கள்
காலுறையை முகர்ந்து, தும்மி,
கொழுந்திலிருந்து ஆரம்பித்தனவாம்.

"எட்டடிக்கு வேலி போடுங்களேன்."
"ஐந்தடிக்குத்தான் காசிருக்கு, லோர்னா."

அடுத்த மே மாதம்
வந்து பார் என்று கூட்டிப்போனார்.
காலுறைகள் கிழிந்து காலியாய் ஆடின.
ஆப்பிள் மரக் கவட்டில் ஒரு கூடு.
நரையும் சிவப்பும் பின்னிக் கிடக்க
நடுவில் நான்கு முட்டை.

ஷெரீஃபும் மார்னியும் பேசிக்கொண்டு
பத்து வருடமாகிறது.

கீழே பாத்தியில்
குளம்புத் தடம், ஈரம் காயாமல்.
அதை மிதிக்காமல் தாண்டி வந்து
பையை நீட்டினார் ஆர்வில்:
"இந்த வாரம்
கொஞ்சம் கூடுதலாய் எடுத்து வை."